எடிஸ்டோ தீவின் நாற்பது ஏக்கர்: 1865–66 நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த கையோடு, விடுதலை பெற்ற மக்களுக்கு அரசு நிலம் கொடுத்தது. பத்து மாதங்களுக்குள் அதைத் திரும்பக் கேட்டது. இந்த ஆய்வு தென் கரோலினா மாநிலத்தின் ஒரே ஒரு தீவைப் பற்றியது. அரசின் ஆணைகள், சுற்றறிக்கைகள், மக்கள் எழுதிய இரண்டு மனுக்கள், பிறகு வந்த சட்டம் ஆகியவற்றைக் கால வரிசையில் வைத்துப் பார்க்கிறது. அதிகாரிகளின் பெயர்கள் பொது ஆவணங்களில் உள்ளபடி வருகின்றன. மனு எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

சார்ல்ஸ்டன் நகருக்குத் தென்மேற்கே, உப்பங்கழிகள் சூழ்ந்த தீவு எடிஸ்டோ. நீண்ட இழைப் பருத்திக்குப் பேர்போன மண். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்கின் பக்கம் நின்ற மத்திய அரசுக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல், நவம்பர் 7 அன்று வடக்குக் கடற்படை அருகிலுள்ள போர்ட் ராயலைப் பிடித்தது. உடனே அந்தக் கரையோரத் தோட்ட முதலாளிகள் வீடு வாசலைப் போட்டுவிட்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். அடிமைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோர் தீவுகளிலேயே தங்கினார்கள். 1862 நடுவில் வடக்குப் படை எடிஸ்டோவைக் காலி செய்தபோது அவர்களும் செயின்ட் ஹெலினா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

1864 இறுதியில் வடக்குத் தரப்பின் ஜெனரல் ஷெர்மனின் படை ஜார்ஜியா மாநிலத்தை ஊடறுத்துக் கடலை நோக்கி வந்தது. வழியெங்கும் விடுதலையானவர்கள் ஆயிரக்கணக்கில் அதன் பின்னால் நடந்தார்கள். டிசம்பரில் எபனேசர் ஓடையைத் தாண்டிய படைப்பிரிவு ஒன்று, பின்னால் வந்த மக்கள் கரையில் நிற்கும்போதே மிதவைப் பாலத்தை எடுத்துவிட்டது. எதிரிக் குதிரைப்படை நெருங்கிய அச்சத்தில் தண்ணீரில் குதித்தவர்களில் பலர் மூழ்கி இறந்தார்கள். செய்தி வாஷிங்டனை எட்டியது. போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் நேரில் சவானா நகருக்கு வந்தார்.

1865 ஜனவரி 12 அன்று ஸ்டான்டனும் ஷெர்மனும் 20 கறுப்பினப் போதகர்களையும் சபைப் பெரியவர்களையும் அழைத்துப் பேசினார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் 67 வயதான காரிசன் ஃப்ரேசியர். தன்னையும் தன் மனைவியையும் ஆயிரம் டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டவர். உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ள என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: எங்களுக்கு நிலம் வேண்டும், எங்கள் உழைப்பாலேயே அதை உழுது பயிர் செய்துகொள்வோம். நான்கு நாள் கழித்து, ஜனவரி 16 அன்று, ஷெர்மன் 15ஆம் எண் கள ஆணையைப் பிறப்பித்தார்.

ஆணையின் வாசகம்

பின்னால் நடந்த அனைத்துக்கும் விதை இந்த ஆணையிலேயே இருக்கிறது. அதனால் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கேயுள்ள தீவுகள், கடலிலிருந்து 30 மைல் உள்வரை ஆற்றோரமாகக் கைவிடப்பட்ட நெல்வயல்கள், ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றோர நிலங்கள் ஆகியவை விடுதலையானவர்களின் குடியேற்றத்துக்கு ஒதுக்கப்பட்டன. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாத சாகுபடி நிலம். நீரோரமாக இருந்தால் நீர்முகப்பு 800 அடிக்கு மேல் போகக்கூடாது. பணியில் உள்ள ராணுவத்தினரைத் தவிர வேறு வெள்ளையர் அங்கே குடியிருக்கக்கூடாது. ‘நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்’ என்று பின்னாளில் சொல்லப்பட்டாலும், ஆணையில் கோவேறு கழுதை பற்றி ஒரு சொல்லும் இல்லை. படையிடம் மிஞ்சிய விலங்குகள் பிறகுதான் சிலருக்குக் கொடுக்கப்பட்டன.

அளவு, எல்லை, குடியிருப்பு எல்லாம் இத்தனை துல்லியமாக இருக்க, உரிமை பற்றிய வரி மட்டும் நெகிழ்வாக இருக்கிறது. குடியேறியவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளும் வரையிலோ, நாடாளுமன்றம் அவர்களுடைய உரிமையை முறைப்படுத்தும் வரையிலோ, ராணுவம் அவர்களுடைய அனுபோகத்துக்குப் பாதுகாப்புத் தரும் என்கிறது அந்த வரி. அதாவது பட்டா கிடையாது. அனுபோகச் சீட்டு மட்டுமே.

குடியேற்றத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட ஜெனரல் ரூஃபஸ் சாக்ஸ்டன் முதலில் தயங்கினார். முந்தைய ஆண்டில் இதே கரையோரத்தில் நிலம் வாங்க முன்னுரிமை தருவதாக மக்களிடம் சொல்லப்பட்டு, பிறகு அந்த ஏற்பாடு கைவிடப்பட்டிருந்தது. இன்னொரு முறை அவர்களை ஏமாற்ற அவர் விரும்பவில்லை. இந்த முறை அரசு பின்வாங்காது என்ற உறுதி கிடைத்த பிறகே பொறுப்பேற்றார்.

1865 பயிர்ப் பருவத்தில் காணப்பட்டவை

எடிஸ்டோவின் பழைய குடிகள் திரும்பி வந்தார்கள். ஷெர்மன் படையின் பின்னால் நடந்து வந்த புதியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1865 நடுவுக்குள், ஆணை குறித்த கரையோரம் முழுவதிலும் ஏறத்தாழ 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறிவிட்டார்கள் என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் கணக்கு. விதைக்கும் உழவு மாட்டுக்கும் தட்டுப்பாடு. பருவமும் பிந்திவிட்டது. அரசு கொடுத்த ரேஷனை வைத்து முதல் மாதங்களைக் கடத்தினார்கள். அப்படியும் நட்டார்கள். அக்டோபரில் அவர்கள் எழுதிய மனுவில் குதிரைகள், மாடுகள், வண்டிகள், வீட்டுச் சாமான்கள் எங்களிடம் இருக்கின்றன என்று பட்டியலிடுகிறார்கள். ஒரே பருவத்தில் இவ்வளவு சேர்த்தவர்களை அரசின் கையை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கிடையில் 1865 மார்ச் 3 அன்று நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்ற விடுதலை பெற்றோர் நலத்துறையை உருவாக்கியது. அகதிகளும் கைவிடப்பட்ட நிலங்களும் அதன் பொறுப்பிலேயே வந்தன. அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு 40 ஏக்கர் வரை மூன்று ஆண்டுகளுக்குக் குத்தகைக்குத் தர இடம் கொடுத்தது. குத்தகை, 1860 வரி மதிப்பில் ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பிறகு விலைக்கு வாங்கலாம். அப்போது அமெரிக்க அரசால் எந்த உரிமையை மாற்றித்தர முடியுமோ அந்த உரிமை கிடைக்கும். இங்கேயும் அதே நெகிழ்வு. அதைவிடப் பெரிய குறை, பீரோவுக்கு என்று ஒரு டாலர்கூட ஒதுக்கப்படவில்லை. கைவிடப்பட்ட நிலங்களிலிருந்து வரும் குத்தகைதான் அதன் வருமானத்துக்கு முக்கிய வழி. நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் பீரோ தன் வருமானத்தையும் சேர்த்தே இழக்கும்.

மன்னிப்பும் இரண்டு சுற்றறிக்கைகளும்

ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டு ஆண்ட்ரூ ஜான்சன் அதிபரானார். மே 29 அன்று அவர் வெளியிட்ட பொதுமன்னிப்பு, விசுவாச உறுதிமொழி எடுத்தவர்களுக்கு அடிமைகளைத் தவிர மற்ற சொத்துகளைத் திருப்பித் தந்தது. 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் அதிபரிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பெரும் தோட்ட முதலாளிகள் இந்தப் பிரிவில் வந்தார்கள். விண்ணப்பித்தார்கள், மன்னிப்பும் தாராளமாகக் கிடைத்தது.

பீரோவின் ஆணையர் ஜெனரல் ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டு. 1862 போரில் வலது கையை இழந்தவர், பக்திமான். ஜூலை 28 அன்று அவர் 13ஆம் எண் சுற்றறிக்கையை அனுப்பினார்: விடுதலையானவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தை அதிபரின் மன்னிப்பு கட்டுப்படுத்தாது. ஜான்சன் அதைத் திரும்பப் பெறவைத்தார். செப்டம்பர் 12 அன்று 15ஆம் எண் சுற்றறிக்கை வந்தது. நீதிமன்றத் தீர்ப்பின்படி பறிமுதலாகி விற்கப்பட்ட நிலங்களைத் தவிர மற்றவை, மன்னிப்பையும் மூல ஆவணத்தையும் காட்டும் பழைய உரிமையாளருக்கே திரும்பும். அப்படித் தீர்ப்பாகி விற்ற நிலம் மிகக் குறைவு. ஒன்றரை மாத இடைவெளியில் ஒரே அலுவலகத்திலிருந்து, ஒரே கையெழுத்தில், நேரெதிரான இரண்டு உத்தரவுகள். ஏட்டில் இவற்றை அடுத்தடுத்துப் படிக்கும்போது, தீவில் அறுவடைக்குக் காத்திருந்தவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தேவாலயக் கூட்டம்

நிலத்தார், விடுதலையானவர்கள் ஆகிய இரு தரப்புக்கும் திருப்தியான ஏற்பாட்டைச் செய்துவரும்படி ஜான்சன் ஹோவர்டை அனுப்பினார். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் அவர் எடிஸ்டோ வந்தார். கூட்டம் தீவின் பெரிய தேவாலயத்தில் நடந்தது. கீழே இடமில்லை, மாடமும் நிரம்பியிருந்தது. வந்த காரணம் அவருக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. கூச்சலில் பேச்சு எடுபடவில்லை. ஒரு பெண் துன்பத்தைச் சொல்லும் பக்திப்பாடல் ஒன்றைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்து பாடிய பிறகே ஹோவர்டால் பேச முடிந்தது. இதை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மாடத்திலிருந்து ஒருவர் எழுந்து கேட்டதையும் அவர் மறைக்கவில்லை: எப்போதும் அரசுக்கு உண்மையாக இருந்த எங்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கி, எங்கள் தீராப் பகைவர்களுக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?

மக்கள் தங்களில் மூவரைக் குழுவாகத் தேர்ந்தார்கள். ஹோவர்டின் ஏற்பாடு அந்த மூவரிடம் விளக்கப்பட்டது. பயிரின் பலன் நட்டவருக்கே, நிலம் உரிமையாளருக்கு, அடுத்த ஆண்டுக்குக் கூலி ஒப்பந்தமோ குத்தகையோ எழுதிக்கொள்ள வேண்டும். தகராறைத் தீர்க்க பீரோ அதிகாரி ஒருவர், நிலத்தார் தரப்பில் ஒருவர், மக்கள் தரப்பில் ஒருவர் என மூவர் வாரியம் அமைக்கப்படும். பழைய முதலாளியிடம் கங்காணியின் கீழ் வேலை செய்ய மாட்டோம் என்பதில் மக்கள் உறுதியாக இருந்தார்கள்.

மூவர் எழுதிய மனுக்கள்

குழுவினர் ஹோவர்டுக்கு எழுதிய பதிலும், அக்டோபர் 28 அன்று அதிபருக்கு எழுதிய மனுவும் பீரோவின் ஆவணங்களோடு வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுத்துப் பிழைகள் நிறைய. வாக்கியத்தின் நடுவே பெரிய எழுத்துகள். எழுதப் படிக்கக் கற்பதே தென் கரோலினாவில் அடிமைகளுக்குச் சட்டப்படி மறுக்கப்பட்டிருந்தது. அந்த மண்ணில், நாட்டின் அதிபருக்கு நேராக எழுதிய கடிதம் இது.

ஹோவர்டு நீட்டிய உடன்படிக்கையில் கையெழுத்திட மறுத்து அவர்கள் எழுதியதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: எங்கள் தீவின் நிலச்சொந்தக்காரர்களை மன்னிக்கச் சொல்கிறீர்கள். போரில் நீங்கள் இழந்தது உங்கள் வலது கையை மட்டுமே, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவன், என் தாயையும் தங்கையையும் ஆடை களைந்து அடித்தவன், அவனுக்கு நடவு செய்து அவன் சொல்லும் கூலியை ஏற்றால்தான் தன் காலிக் குடிசையில் இருக்க விடுவேன் என்பவன், எனக்கென்று நிலம் இருந்தால் அவன் பக்கமே போகமாட்டேன் என்று தெரிந்தே மற்றவர்களோடு சேர்ந்து எனக்கு நிலம் கிடைக்காமல் செய்பவன் — அவனை என்னால் எளிதில் மன்னிக்க முடியாது.

சவுக்கடியின் நினைவோடு தொடங்கும் அந்த வாக்கியம் ஒரு பொருளாதார விளக்கத்தில் போய் முடிகிறது. நிலம் இருந்தால் கூலிக்குப் போகமாட்டார்கள். கூலிக்கு ஆள் வேண்டுமானால் நிலம் கிடைக்கக்கூடாது. தோட்ட முதலாளிகள் ஏன் ஒன்றுசேர்ந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை அந்த ஆண்டின் எந்த அதிகாரியின் அறிக்கையிலும் நான் படித்ததில்லை. தங்களுக்கு மிஞ்சிய வழிகளையும் அதே கடிதத்தில் எண்ணிச் சொல்கிறார்கள்: தெருவில் இறங்குவது, கடலில் இறங்குவது, அல்லது முன்போலவே அவர்களுடைய விருப்பத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வது. தகப்பன்மாரின் எலும்பைப் புதைக்கும் அளவுக்குக்கூட எங்களுக்கு நிலம் கிடைக்காமல் தடுக்கிறார்கள் என்கிறார்கள்.

அதிபருக்கு எழுதிய மனு சற்றுப் பணிவானது. வாதம் அதே வாதம்தான். இந்த நிலங்களை இப்படி ஆக்கியவர்கள் நாங்கள். படை வந்தபோது இங்கே இருந்த விசுவாசமுள்ள மக்களும் நாங்கள் மட்டுமே. பிறகு அந்த முக்கியமான வரி வருகிறது: அரசு கேட்கும்போது இந்த நிலத்துக்கு விலை கொடுக்கத் தயாராக இருக்கிறோம். இலவசமாக நிலம் கேட்டவர்கள் என்று பிற்காலத்தில் பலரும் சொல்லிவந்த கதை இந்த ஒரு வரியில் உடைந்துபோகிறது. சில ஏக்கரே ஆனாலும் சொந்த வீடு வேண்டும் என்றார்கள். அதற்கு விலையும் தருவதாகச் சொன்னார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தனக்கு வந்த கடிதத்துக்கு ஹோவர்டு அக்டோபர் 22 அன்று பதில் எழுதினார். நிலம் வேண்டும் என்பது நியாயமே. விலை கொடுத்து வாங்கிய நிலத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் மன்னிக்கப்பட்டவர் சொத்துரிமை திரும்பப் பெற்ற குடிமகன் என்றே அரசு கருதுகிறது. நாடாளுமன்றம் கூடும்வரை பொறுத்திருங்கள். இதுதான் சாரம்.

அவருக்கு மூன்று வழிகள் இருந்தன: பதவி விலகுவது, உத்தரவை உடனே நிறைவேற்றுவது, நிறைவேற்றுவதுபோல் காட்டி இழுத்தடிப்பது. மூன்றாவதைத் தேர்ந்தார். டிசம்பரில் கூடும் நாடாளுமன்றம் காப்பாற்றும் என்று நம்பினார். தான் விலகினால் அந்த இடத்துக்கு ஜான்சனின் ஆள் வருவார் என்ற கவலையில் அர்த்தம் இருந்தது. ஆனாலும் அதற்கான விலையைக் கொடுத்தவர் அவரல்ல. அடித்தவர்களை மன்னிக்கும்படி அடிபட்டவர்களிடமே போய்க் கேட்கும் வேலையை அவர் ஏற்றிருக்கக்கூடாது என்றே நான் கருதுகிறேன்.

சாக்ஸ்டன் வேறு வழியில் போனார். அரசு இந்த மக்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது, வெற்றி பெற்ற நேரத்தில் அதை மீறுவது நியாயமான அரசுக்கு அழகல்ல என்று மேலிடத்துக்கு எழுதினார். நிலத்தைத் திருப்பித் தருவதற்குத் தன் பங்கில் ஒத்துழைக்க மறுத்தார். 1866 ஜனவரியில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

ஷெர்மன் 1866 பிப்ரவரி தொடக்கத்தில் அதிபருக்கு எழுதினார். உரிமையை மாற்றித்தரத் தன்னால் முடியாது என்று அப்போதே தெரியும். தான் கொடுத்தது போரும் ராணுவ அதிகாரமும் நீடிக்கும்வரை செல்லும் அனுபோகம் மட்டுமே என்றார். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். சீட்டை வாங்கியவர்களிடம் அதை அப்படிச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பின்விளைவு

1866 பிப்ரவரி 19 அன்று பீரோவை நீட்டிக்கும் மசோதாவை ஜான்சன் வீட்டோ செய்தார். ஷெர்மன் ஆணையின்படி குடியேறியவர்களுக்கு மூன்று ஆண்டுப் பாதுகாப்பு அந்த மசோதாவில் இருந்தது. மறுநாள் செனட்டில் வீட்டோவை முறியடிக்கப் போதிய வாக்கு கிடைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே படைவீரர்கள் தீவுகளில் தோட்டம் தோட்டமாகப் போய், ஒப்பந்தம் எழுது அல்லது வெளியேறு என்றார்கள். சீட்டு இல்லாதவர்களும், சீட்டில் உள்ள நிலம் ஒன்று குடியிருக்கும் நிலம் வேறு என்றிருந்தவர்களும் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். அவசரத்தில் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் இப்படி நிறைய இருந்தன.

ஜூலை 16 அன்று வீட்டோவை மீறி ஒரு சட்டம் நிறைவேறியது. செல்லுபடியாகும் சீட்டு வைத்திருந்தவர்கள் அரசு வசமிருந்த வேறு நிலத்தில் 20 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, ஆறு ஆண்டுகளுக்குள் ஏக்கருக்கு ஒன்றரை டாலர் விலையில் வாங்கிக்கொள்ளலாம். அந்த நிலம் எடிஸ்டோவில் இல்லை. செயின்ட் ஹெலினா, செயின்ட் லூக் வட்டங்களில் இருந்தது. நாற்பது இருபதாகி, ஊரும் மாறியது.

எடிஸ்டோவில் பலர் பழைய நிலத்திலேயே கூலியாகவோ குத்தகையாளராகவோ மாறினார்கள். 1870களில் சிலர் பணம் திரட்டிக் கூட்டாக நிலம் வாங்கினார்கள். அதில் முன்னின்ற ஒருவரின் மகன் 1885 வாக்கில் கட்டிய மரவீடு தீவில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

பக்கத்துத் தீவின் சான்று

செயின்ட் ஹெலினாவில் கதை வேறு மாதிரி போனது. காரணம் மக்களின் குணமோ அதிகாரியின் கருணையோ அல்ல. 1862 ஜூன் மாத நேரடி வரிச் சட்டத்தின்படி, வரி கட்டாமல் ஓடியவர்களின் நிலங்கள் 1863 மார்ச் முதல் அங்கே ஏலத்துக்கு வந்தன. அரசே பெரும்பகுதியை எடுத்தது. விடுதலையானவர்கள் காசு சேர்த்துச் சில தோட்டங்களை வாங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது கிரயப் பத்திரம். ஜான்சனின் மன்னிப்பு அதைத் தொடவில்லை. அருகிலுள்ள போஃபோர்ட் நகரில், முன்பு அடிமையாக இருந்த ராபர்ட் ஸ்மால்ஸ் தன் பழைய எஜமானரின் வீட்டையே வரி ஏலத்தின் வழியாகப் பெற்றார். பழைய குடும்பத்தின் தரப்பு வழக்குத் தொடுத்தது. 1878இல் உச்ச நீதிமன்றம் ஸ்மால்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது.

ஒரே கடல், ஒரே பருத்தி, ஒரே போர். 1862இல் எடிஸ்டோ மக்கள் செயின்ட் ஹெலினாவிலேயே அகதிகளாக இருந்தவர்கள். அங்கேயே தங்கியிருந்தால் அவர்களில் சிலர் கையிலும் கிரயப் பத்திரம் இருந்திருக்கும். ஊர் திரும்பிய ஆசைதான் அவர்களைச் சீட்டோடு நிறுத்தியது.

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதலாவது, உரிமையை ராணுவ ஆணையில் விட்டிருக்கக்கூடாது. 1865 மார்ச் மாதச் சட்டத்தை எழுதியவர்கள் முன்னால் ஷெர்மன் ஆணை இருந்தது. நாடாளுமன்றம் முறைப்படுத்தும் வரை என்ற வரியும் இருந்தது. அந்தச் சட்டத்திலேயே தீவுகளின் அனுபோகத்தை உறுதி செய்திருக்கலாம். அது முடியாமல் போயிருந்தாலும், மக்கள் கொடுக்க முன்வந்த விலையைத் தவணையாக வாங்கி ரசீது கொடுத்திருக்கலாம். பணம் கைமாறிய நிலத்தை மன்னிப்பைக் காட்டி மீட்பது அத்தனை எளிதாக இருந்திருக்காது.

இரண்டாவது, பீரோவின் நிதி. நிலக் குத்தகையை நம்பிய ஒரு துறை, நிலம் போனதும் பல மாதங்கள் தள்ளாடியது. 1866 ஜூலையில்தான் நாடாளுமன்றம் முதன்முறையாக ஏறத்தாழ 70 லட்சம் டாலர் ஒதுக்கியது. அதற்குள் எடிஸ்டோவில் அந்த ஆண்டுக்கான கூலி ஒப்பந்தங்கள் எழுதப்பட்டிருந்தன.

மூன்றாவது, சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை. எல்லைக்கல், தோட்டத்தின் பெயர், குடும்பத் தலைவர் பெயர் மூன்றையும் குடியேற்றத்தின்போதே பொருத்திப் பதிந்திருந்தால், பிழையான சீட்டு என்ற ஒரே காரணத்தால் 1866இல் வெளியேறியவர்களில் பலர் குறைந்தது அந்த இருபது ஏக்கரையாவது பெற்றிருப்பார்கள்.

இந்த ஆவணங்களைப் படிக்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. பீரோவின் பதிவேடுகள் இப்போது இணையத்தில் பெருமளவு கிடைக்கின்றன. தன்னார்வலர்கள் லட்சக்கணக்கான பெயர்களை அட்டவணைப்படுத்தியிருக்கிறார்கள். ரேஷன் கணக்குகளில் தொடங்கினால் இவர்கள் உதவி வாங்கியவர்களாக மட்டுமே தெரிவார்கள். ஆகவே தென் கரோலினாவின் நிலப் பதிவேட்டில் தொடங்கி, அதே தோட்டத்தின் பெயரை 1866 கூலி ஒப்பந்தங்களில் தேட வேண்டும். ஒரு பக்கத்தில் ஏக்கர் கணக்கோடு இருக்கும் பெயர், மறுபக்கத்தில் பெருக்கல் குறிக் கைநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ரேஷன் கணக்குக்குப் போகலாம்.